சொல்லின் பொருள்: அமைப்பியலும் பின்அமைப்பியலும்

மொழியில் பொருள் எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டு தந்த விடைகளில் இரண்டு பெரிதும் பேசப்பட்டவை. முதலாவது அமைப்பியல். சொற்களுக்கு இடையிலான வேறுபாடுகளின் ஒழுங்கே பொருளைத் தருகிறது என்பது அதன் வாதம். இரண்டாவது பின்அமைப்பியல். அந்த ஒழுங்கு ஒருபோதும் முழுமையடைவதில்லை, வேறுபாடுகளை யார், எப்போது வகுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பொருளும் நகர்கிறது என்பது அதன் வாதம்.

இவ்விரண்டையும் உரசிப் பார்க்க இலங்கையின் புத்தளம் நகரை அடுத்துள்ள தில்லையடி பொருத்தமான இடம். தமிழும் சிங்களமும் அன்றாடம் காதில் விழும் கரையோரப் பகுதி அது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் வந்து தங்கிய இடங்களுள் ஒன்றும்கூட. ஒலி, உறவுப்பெயர், மக்களுக்கு இடப்படும் பெயர் ஆகிய மூன்று நிலைகளிலும் இக்கோட்பாடுகள் சொல்வதை அங்கே நேரில் காணலாம்.

குறியும் இடுகுறியும்

அமைப்பியலின் தொடக்கம் ஜெனீவாவில். அங்கே பேராசிரியராக இருந்த ஃபெர்டினண்ட் டி சசூர் (1857–1913), 1907க்கும் 1911க்கும் இடையில் பொது மொழியியல் பற்றி மூன்று முறை பாடம் நடத்தினார். அதை அவர் நூலாக எழுதவில்லை. அவர் மறைந்தபின் சார்ல் பாலியும் அல்பெர் செஷெஹேயும் மாணவர்களின் குறிப்பேடுகளைத் திரட்டி 1916இல் நூலாக வெளியிட்டனர்.

சசூர் ஒவ்வொரு சொல்லையும் ஒரு 'குறி' என்றார். குறிக்கு இரண்டு பக்கங்கள். ஒலிவடிவம் 'குறிப்பான்', அது மனத்தில் எழுப்பும் கருத்து 'குறிப்பீடு'. இரண்டையும் பிணைப்பது இயற்கை அல்ல, சமூக வழக்கு. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. சொல்லுக்கும் அதன் பொருளுக்கும் உள்ள காரணம் பார்த்த மாத்திரத்தில் புலப்படாது என்று தொல்காப்பியத்தின் உரியியல் கூறுகிறது. பின்வந்த இலக்கணங்கள் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று பெயர்களை இரண்டாகப் பிரித்தன. சசூரிடமும் இதே பிரிவு உண்டு. தனிச்சொற்கள் முழு இடுகுறிகள். கூட்டுச்சொற்களில் ஓரளவு காரணம் தென்படும் என்றார் அவர். 'தில்லை', 'அடி' என்ற இரண்டும் இடுகுறிகள். உப்பங்கழி ஓரங்களில் வளரும் தில்லை மரத்தின் பெயரோடு 'அடி' சேர்ந்ததும், ஆலடி, புளியடி போலக் காரணம் தெரியும் ஊர்ப்பெயர் ஆகிவிடுகிறது.

ஆனால் அந்தக் காரணத்தை நினைத்துக்கொண்டு எவரும் ஊரின் பெயரைச் சொல்வதில்லை. தில்லை மரத்தைப் பார்த்தேயிராத சிறுவனும் தன் முகவரியைப் பிழையின்றி எழுதுகிறான். அந்தப் பெயர் பாலாவியையோ மணல்குன்றையோ குறிக்காமல் இந்த இடத்தைப் பிரித்துக் காட்டினால் போதும். ஒரு சொல்லின் வரலாறு வேறு, குறிப்பிட்ட ஒரு காலத்தில் அது மொழிக்குள் செய்யும் வேலை வேறு. சசூர் இவ்விரண்டு ஆய்வுகளையும் தனித்தனியாகப் பிரித்து, இரண்டாவதற்கு முதலிடம் தந்தார்.

இடுகுறித்தன்மைக்கு 'தாத்தா' என்ற ஒலியே நல்ல சான்று. தமிழ்நாட்டில் அது பாட்டனாரைக் குறிக்கும். சிங்களத்தில் தகப்பனாரைக் குறிக்கும். இலங்கை முஸ்லிம்களில் பலருக்கு அது மூத்த சகோதரியை அழைக்கும் சொல். சில ஊர்களில் அவர் 'ராத்தா'. புத்தளத்துக் கடைத்தெருவில் ஒரு குழந்தை "தாத்தா" என்று கூப்பிட்டால், எந்த மொழியில், எந்தச் சமூகத்து வழக்கில் கூப்பிடுகிறது என்று தெரியாமல் திரும்பிப் பார்க்க வேண்டியவர் யார் என்று சொல்ல முடியாது.

வேறுபாடே பொருள்

ஒலி தானாகப் பொருள் தராது என்றால் பொருளைத் தருவது எது? வேறுபாடு என்பது சசூரின் விடை. மொழியில் உள்ளவை வேறுபாடுகள் மட்டுமே என்னும் அளவுக்கு அவர் போனார்.

இதை ஒலிகளில் துல்லியமாக நிறுவியவர்கள் 1926இல் தொடங்கிய பிராக் மொழியியல் வட்டத்தினர், குறிப்பாக நிக்கொலாய் த்ருபெத்ஸ்கோயும் ரோமன் யாகப்சனும். சொற்பொருளை வேறுபடுத்தும் மிகச் சிறிய ஒலியலகு 'ஒலியன்' எனப்படும். 'தில்லையடி' என்பதில் ஓர் அகரத்தை நீட்டினால் 'தில்லையாடி' ஆகும். அது தமிழ்நாட்டில் தரங்கம்பாடிக்கு அருகே உள்ள ஊர். தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் பங்கெடுத்து 1914இல் இறந்த வள்ளியம்மையின் பெற்றோர் ஊர். கடலின் இரு கரையிலும் உள்ள இரண்டு ஊர்களைப் பிரித்துவைப்பது ஒரே ஒரு மாத்திரை. குறில், நெடில் வேறுபாடு தமிழில் பொருளை மாற்றும் என்பதற்கு இது போதும்.

எந்த ஒலி வேறுபாடு கணக்கில் வரும் என்பதை அந்தந்த மொழியே முடிவு செய்கிறது. தமிழர் காதுக்கு 'புலி'யும் 'புளி'யும் வேறு. சிங்களப் பேச்சில் லகர, ளகர வேறுபாடு இல்லை. எழுத்தில் இரண்டு வடிவம் இருந்தும் உச்சரிப்பு ஒன்றே. மறுபுறம் சிங்களத்தில் 'பார' என்பதன் முதலெழுத்தை வல்லோசையாகச் சொன்னால் வீதி. 'பம்பரம்' என்ற சொல்லின் நடுவில் வருவதுபோல அதிர்வோசையாகச் சொன்னால் பொறுப்பு. 'பம்பரம்' என்ற ஒரே தமிழ்ச் சொல்லில் இந்த இரண்டு ஓசைகளும் வருகின்றன. ஆனால் தமிழில் அந்த வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. ஆகவே இரண்டுக்கும் ஒரே எழுத்துப் போதுமானதாயிற்று. பேசுவோரில் பெரும்பாலோர் அந்த வேறுபாட்டைக் கவனிப்பதுமில்லை.

சொற்களிலும் இதே விதி செல்லும். ஒரு சொல் மொழிக்குள் பெறும் இடத்தைச் சசூர் 'மதிப்பு' என்றார். அதை விளக்க அவர் சதுரங்கத்தை எடுத்துக்கொண்டார். குதிரைக் காய் தொலைந்தால் ஒரு கூழாங்கல்லை வைத்தும் ஆடலாம். மற்றக் காய்களிலிருந்து வேறுபட்டு அதன் நகர்வை அது செய்தால் சரி. புத்தளம் பகுதியின் உறவுப்பெயர்களில் இதைப் பார்க்கலாம். முஸ்லிம் வீட்டில் உடன்பிறந்தோரை அழைக்க நானா, தாத்தா, தம்பி, தங்கச்சி என நான்கு சொற்கள். சிங்கள வீட்டில் அய்யா, அக்கா, மல்லி, நங்கி என நான்கு சொற்கள். ஒலிகள் வேறானாலும் கட்டம் ஒன்றே: ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா என்ற இரண்டு கேள்விகள் அந்த நால்வரைப் பிரிக்கின்றன. ஆங்கிலத்தின் அன்றாட வழக்கு முதல் கேள்வியை மட்டும் கேட்பதால் அங்கே இரண்டே சொற்கள். ஆகவே 'தாத்தா' என்பதற்கு நிகரான ஒற்றைச்சொல் ஆங்கிலத்தில் இல்லை. சொல்லின் மதிப்பை நிர்ணயிப்பவை அதன் அண்டைச் சொற்கள்.

மொழியிலிருந்து சமூகத்துக்கு

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நியூயார்க்கில் யாகப்சனைச் சந்தித்த மானிடவியலாளர் க்ளோட் லெவி-ஸ்ட்ராஸ், இந்த முறையை மொழிக்கு வெளியே கொண்டுபோனார். உறவுமுறை பற்றிய அவரது பெரும் நூல் 1949இல் வந்தது. ஒலியன்களைப் போலவே உறவுப்பெயர்களும் தனித்தனியே பொருள் தருவதில்லை, எதிரெதிர் இணைகளாக நின்றே பொருள் தருகின்றன என்று அவர் காட்டினார். லூயி டுமோன் 1950களில் தமிழ்நாட்டுச் சமூகங்களை ஆராய்ந்து, தென்னிந்திய உறவுமுறையின் அச்சு இரத்த உறவுக்கும் மண உறவுக்கும் இடையிலான எதிர்வே என்றார். தாயின் சகோதரர் மாமா. தகப்பனின் இளைய சகோதரர் முஸ்லிம் வழக்கில் சாச்சா. ஆங்கிலம் இருவரையும் ஒரே சொல்லால் அழைக்கிறது. தமிழில் அப்படி அழைத்தால் யாருடைய பிள்ளையை மணக்கலாம், யாருடைய பிள்ளை உடன்பிறப்புக்குச் சமம் என்ற கணக்கே குழம்பிவிடும்.

இலங்கையில் ஆய்வு செய்த நூர் யல்மன் 1967இல் வெளியிட்ட நூல், சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஆகியோரின் உறவுமுறைகள் ஒரே அடிப்படைக் கட்டமைப்பின் வேறுபட்ட வடிவங்கள் என்று வாதிட்டது. மதமும் மொழியும் வேறாக இருக்கையிலும் மாமாவையும் சாச்சாவையும் பிரிக்கும் கோடு அழியவில்லை. அமைப்பியலின் பெரும் வலிமை இங்கேதான். மேலே தெரியும் பன்மைக்கு அடியில் உள்ள சில எளிய எதிர்வுகளை அது கண்டெடுத்தது.

பெயர் மாறிய மக்கள்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆம் நாள் தரப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. மன்னாரிலிருந்து பலர் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். வெளியேற்றப்பட்டோரில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினர்.

இந்த இடமாற்றம் அவர்களைக் குறிக்கும் பெயரையும் மாற்றியது. வடக்கில் அவர்கள் 'முஸ்லிம்கள்'. அங்கே அந்தச் சொல் தமிழரிலிருந்து அவர்களை வேறுபடுத்தியது. புத்தளத்தில் ஏற்கெனவே இருந்தவர்களும் முஸ்லிம்கள். அந்தச் சொல் இனி எதையும் பிரித்துக் காட்டவில்லை. ஆகவே 'வடக்கு முஸ்லிம்கள்', 'யாழ்ப்பாணத்தார்', 'மன்னாரார்', 'அகதிகள்' என்ற பெயர்கள் முன்னுக்கு வந்தன. மானிடவியலாளர் ஷாரிகா திராணகம 2011இல் வெளியான தமது நூலில் இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்கிறார். ஆட்கள் மாறவில்லை, மதம் மாறவில்லை. அருகில் இருந்தவர்கள் மாறினார்கள். அதனால் பெயரும் மாறியது. சசூரின் 'மதிப்பு' சொல்வது இதையே.

'அகதி' என்ற சொல்லும் அப்படியே. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனப்படி, தன் நாட்டின் எல்லையைக் கடந்து வெளியே இருப்பவரே அகதி. தில்லையடிக்கு வந்தவர்கள் நாட்டைக் கடக்கவில்லை. ஐ.நா. 1998இல் உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டி நெறிகளை வெளியிட்ட பிறகு, 'உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்' என்ற தொடர் அலுவலகத் தாள்களில் வேரூன்றியது. பேச்சு வழக்கில் 'அகதி'யே நீடித்தது. போர் 2009 மே மாதம் முடிந்தபோது ஏறத்தாழ 3 இலட்சம் பேர் வவுனியாப் பக்கத்து முகாம்களில் இருந்தனர். அவர்கள் 'புதிதாக இடம்பெயர்ந்தோர்' என வகைப்படுத்தப்பட்டனர். அதே நொடியில் புத்தளத்தில் இருந்தவர்கள் 'பழைய இடம்பெயர்ந்தோர்' ஆனார்கள். அண்டைச் சொல் ஒன்று புதிதாக முளைத்ததும் இருந்த சொல்லின் மதிப்பு மாறியது. மீள்குடியேற்ற உதவியில் யாருக்கு முதலிடம் என்ற கேள்வியில் அந்த மாற்றம் உணரப்பட்டது.

அமைப்பியல் நின்ற இடம்

இந்த இடத்தில் அமைப்பியலால் விடை சொல்ல முடியாத ஒரு கேள்வி எழுகிறது. கட்டம் மாறும்போது அதை மாற்றுவது யார்? சசூரின் ஒழுங்கில் பேசுபவருக்கும் வரலாற்றுக்கும் அதிகாரத்துக்கும் இடம் குறைவு. 1966 ஒக்டோபரில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், அமைப்பியலை அமெரிக்கர்களுக்கு அறிமுகப்படுத்தவென்று ஒரு கருத்தரங்கு கூடியது. அதே மேடையில் அல்ஜீரியாவில் பிறந்த ஜாக் தெரிதா (1930–2004) லெவி-ஸ்ட்ராஸின் முறையை விமர்சித்து உரையாற்றினார். பின்அமைப்பியலின் தொடக்கமாக அந்த உரையையே பலரும் குறிப்பிடுவர். மறு ஆண்டு தெரிதாவின் மூன்று நூல்கள் வெளிவந்தன.

சசூர் சொன்னதை அவர் மறுக்கவில்லை. அதன் எல்லைவரை கொண்டுபோனார். பொருள் வேறுபாட்டிலிருந்து வருகிறது என்றால், ஒரு சொல்லின் பொருளை அறிய மற்றச் சொற்களிடம் போக வேண்டும். அவற்றின் பொருளுக்கு இன்னும் சில சொற்களிடம் போக வேண்டும். இறுதியான ஒரு சொல் எங்கும் இல்லை. ஆகவே பொருள் வேறுபாட்டால் பிறப்பதோடு எப்போதும் ஒத்திவைக்கவும் படுகிறது. பிரெஞ்சில் 'வேறுபடுதல்', 'ஒத்திவைத்தல்' இரண்டையும் சுட்டும் வினையொன்றிலிருந்து, ஓர் எழுத்தை மாற்றி அவர் இதற்கொரு சொல்லை உருவாக்கினார். அந்த எழுத்து மாற்றம் காதுக்குக் கேட்காது, கண்ணுக்கே தெரியும். 'அகதி'க்கு அகராதியைப் புரட்டினால் 'கதியற்றவர்' என்று வரும். 'கதி'யைத் தேடினால் 'புகலிடம்' வரும். புகலிடத்தைத் தேடினால் 'அடைக்கலம் தரும் இடம்' வரும். ஒவ்வொரு சொல்லும் அடுத்ததிடம் கைகாட்டிவிட்டு ஒதுங்குகிறது.

இரண்டாவது வாதம் எதிர்வுகளைப் பற்றியது. அமைப்பியல் இணைகளைச் சமதளத்தில் வைத்தது. தெரிதாவோ, எந்த இணையிலும் ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் வைக்கப்படுகிறது என்றார். மேலே இருப்பது தன்னைத் தானே விளக்கிக்கொள்வதுபோலத் தோன்றும். உண்மையில் அது கீழே இருப்பதை நம்பியே நிற்கிறது. இதை வெளிக்கொணரும் வாசிப்பே கட்டுடைப்பு. 'ஊர்க்காரர் – அகதி' என்ற இணையை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது இயல்பானது, இரண்டாவது அதிலிருந்து விலகியது என்று தோன்றும். ஆனால் தன்னை 'ஊர்க்காரர்' என்று சொல்லிக்கொள்ள வேண்டிய தேவையே வெளியூரார் வந்த பிறகுதான் எழுகிறது. 'அகதி' இல்லாத இடத்தில் 'ஊர்க்காரர்' என்ற சொல்லுக்கு வேலை இல்லை.

மூன்றாவது வாதம், ஒரே சொல் திரும்பத் திரும்பச் சொல்லப்படும்போது ஒவ்வொரு சூழலிலும் வேறாகிறது என்பது. தெரிதா 1971இல் மொன்ட்ரியாலில் ஆற்றிய உரையில் இதை விரிவாகப் பேசினார். "ஊருக்குப் போகிறோம்" என்ற தொடரைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து 1990இல் வந்த முதியவர் சொன்னால் அதன் பொருள் திரும்புதல். தில்லையடியிலேயே பிறந்து வளர்ந்த அவருடைய பேத்தி சொன்னால் அது, தான் வாழ்ந்திராத ஓர் இடத்துக்குப் போதல். அதே பெண் கொழும்பில் படித்துவிட்டு விடுமுறைக்குப் பேருந்து ஏறும்போது சொன்னால், அந்த 'ஊர்' தில்லையடியேதான். இலக்கணம் மாறவில்லை, 'ஊர்' மட்டும் மூன்று இடங்களில் நிற்கிறது. ரோலான் பார்த் 1967இல் எழுதிய கட்டுரையில் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தபோது சொன்னதும் இதற்கு அருகிலானது: சொன்னவரின் நோக்கத்தோடு பொருள் முடிவதில்லை, வாசிப்பவரிடம் அது மீண்டும் உருவாகிறது.

மிஷேல் ஃபூக்கோ (1926–1984) கேட்டது அதிகாரம் பற்றிய கேள்வி. எதைப் பற்றி எப்படிப் பேசலாம், யார் பேசலாம் என்பதை நெறிப்படுத்தும் ஏற்பாட்டை அவர் 'சொல்லாடல்' என்றார். பதிவுப் படிவம், நிவாரண அட்டை, வாக்காளர் பட்டியல், ஆய்வறிக்கை ஆகிய அனைத்தும் 'இடம்பெயர்ந்தவர்' என்ற ஆளை வரையறுக்கின்றன. நிவாரணம் வேண்டுவோர் அந்தப் பெயரை ஏற்க வேண்டியிருக்கிறது. ஏற்றபின் அந்தப் பெயரே அவர்களை உள்ளூராரிடமிருந்து பிரித்து நிறுத்துகிறது. 1990இல் நடந்ததை 'இடப்பெயர்வு' என்று எழுதினால் செய்தவர் மறைந்துவிடுகிறார். 'வெளியேற்றம்' என்று எழுதினால் வெளியேற்றியவர் யார் என்ற கேள்வி எழாமல் போகாது.

தமிழில்

தமிழில் இந்தக் கோட்பாடுகளுக்கு விரிவான அறிமுகம் தந்த முதல் நூலாகப் பெரும்பாலும் சுட்டப்படுவது தமிழவன் 1982இல் வெளியிட்ட 'ஸ்ட்ரக்சுரலிசம்'. 1990களில் 'நிறப்பிரிகை' முதலிய சிற்றிதழ்கள் பின்அமைப்பியலைச் சாதி, அரசு, தேசியம் பற்றிய விவாதங்களோடு இணைத்தன. இரு இயக்கங்களும் தமிழுக்கு ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து சேர்ந்ததால், முதலாவதை முழுக்க உள்வாங்கும் முன்பே இரண்டாவதைப் பேச வேண்டியதாயிற்று.

சோதனைகளும் வரம்புகளும்

இக்கோட்பாடுகளில் சில பகுதிகளைச் சோதித்துப் பார்க்க முடிந்திருக்கிறது. குறிகள் முற்றிலும் இடுகுறிகள் என்ற கருத்துக்கு வரம்பு உண்டு. வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹபார்டும் 2001இல் வெளியிட்ட கட்டுரையில், வளைந்த உருவம் ஒன்றையும் கூர்முனை உருவம் ஒன்றையும் காட்டி, 'பூபா' எது, 'கிகி' எது என்று கேட்டதைக் குறிப்பிட்டனர். ஆங்கிலம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும், 95 சதவீதத்துக்கும் மேலானோர், வளைந்ததையே 'பூபா' என்றனர். ஒலிக்கும் வடிவத்துக்கும் இடையே மெல்லிய இயற்கைத் தொடர்பு இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் 'தாத்தா' யார் என்று முடிவு செய்ய அந்தத் தொடர்பு உதவாது.

மறுபுறம், அண்டைச் சொற்களே பொருளைத் தருகின்றன என்ற கருத்துக்குக் கணினியியல் வலுச் சேர்த்திருக்கிறது. 2013இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'வேர்ட்2வெக்' முறை, எந்தச் சொல் எந்தச் சொற்களுக்கு அருகில் வருகிறது என்பதை மட்டும் கொண்டு ஒவ்வொரு சொல்லையும் எண்வரிசையாக்குகிறது. உலகில் எந்தப் பொருளையும் கண்டிராத அந்த நிரல், பொருளால் நெருங்கிய சொற்களை ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. 2017இல் 'சயன்ஸ்' இதழில் அய்லின் காலிஸ்கனும் இணையாசிரியர்களும் வெளியிட்ட ஆய்வு, இப்படிப் பெறப்படும் எண்வரிசைகளில் இனம், பால் பற்றிய மனிதச் சாய்வுகளும் படிந்திருப்பதைக் காட்டியது. எதிர்வுகள் சமதளத்தில் இல்லை என்ற தெரிதாவின் வாதத்துக்கு இது எதிர்பாராத திசையிலிருந்து வந்த துணை.

பின்அமைப்பியல்மீது வைக்கப்படும் முக்கியக் குற்றச்சாட்டு, பொருள் நிலையற்றது என்றால் உண்மையும் நிலையற்றதாகிவிடுமே என்பது. மெய்யியலாளர் ஜான் சேர்ல் 1977இல் தெரிதாவுக்கு எழுதிய மறுப்பில், சொன்னவரின் நோக்கத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது என்று வாதிட்டார். இரண்டு கோட்பாடுகளும் பேசுவது சொற்கள் பொருள் பெறும் விதத்தையே. நிகழ்ச்சிகள் நடந்தனவா இல்லையா என்பது அவற்றின் எல்லைக்குள் வரும் கேள்வி அல்ல. வடக்கு முஸ்லிம்களை அகதிகள் என்றாலும், இடம்பெயர்ந்தோர் என்றாலும், வெளியேற்றப்பட்டோர் என்றாலும் 1990 ஒக்டோபரில் நடந்தது மாறாது. எந்தச் சொல் வழக்கில் நிலைக்கிறதோ அதற்கேற்ப அவர்களுக்குக் கிடைக்கும் உரிமை மாறும். அமைப்பியல் அந்தச் சொற்களின் கட்டத்தை வரைந்து காட்டுகிறது. அதை வரைந்த கை யாருடையது என்று பின்அமைப்பியல் கேட்கிறது. தில்லையடியைப் புரிந்துகொள்ள இரண்டும் வேண்டும்.